ரெயினால்டோவுக்குப் பின்னால் யார்?

“ரெயினால்டோவுக்குப் பின்னாடி யாரு?” என்று கேட்டார் ஆர்வோ.

பொது மேலாளர் கெல்சோ அப்போதுதான் பலகையிலிருந்து ஒரு பெயர்ப்பட்டையை உரித்துக் கையில் வைத்திருந்தான். வெஸ்லியின் பெயர்.

வெள்ளைப் பலகையில் பேஸ்பால் மைதானம் வரைந்திருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஆடுகிறவன் பெயர் முதல் வரியில். அவனுக்கு அடிபட்டால் இறங்குகிறவன் இரண்டாவது வரியில். மூன்றாவதில், கீழ்மட்ட அணியில் காத்துக்கிடக்கும் இளசுகள். அக்டோபரில் அந்தப் பலகையில் இடமில்லை. ஜனவரியில் அது பல் கொட்டிய வாய்போல இருந்தது.

ஆர்வோ நிஸ்கனெனுக்கு அறுபத்து நான்கு வயது. ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்து எடைபோடுவதுதான் முப்பத்தொரு வருடமாக அவர் பிழைப்பு. அவர் வேலை பார்க்கும் டலூத் ஹெரன்ஸ் அணிக்குப் போன வருடம் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் கோப்பை கைநழுவியது. இந்தக் குளிர்காலத்தில் அங்கங்கே ஒட்டுப்போட்டால் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கெல்சோ கூரையை விற்றுக் கதவு வாங்கினான்.

நவம்பரில், மைதானத்தின் உள்வட்டத்தில் எங்கே நிறுத்தினாலும் நிற்கக்கூடிய இரண்டு பேரைக் கொடுத்து, முப்பத்தாறு வயது முரட்டு மட்டையடிக்காரன் ஒருவனைக் கொண்டுவந்தான். அவன் அடித்தால் பந்து ஏரியில்தான் விழும். குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். டிசம்பரில் மூன்று இளசுகள் போனார்கள். பதிலுக்கு வந்தவன் முழங்கையில் இரண்டு முறை ஆபரேஷன் ஆனவன்.

இன்று டெக்சஸ் பக்கத்து அணியொன்று, ரெயினால்டோவுக்கு அடுத்த வரியில் இருந்த வெஸ்லியைக் கேட்டது. பதிலுக்கு ஓர் இடக்கைப் பந்துவீச்சாளன்.

“நம்ம கணக்குப்படி ரெயினால்டோ நூத்தம்பது ஆட்டம் ஆடுவான்” என்றாள் அணியின் புள்ளிவிவரம் பார்க்கும் மார்னி, மடிக்கணினியிலிருந்து தலை தூக்காமல்.

“உன் கணக்குக்கு முழங்கால் இருக்காம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“செப்டம்பர்லயே அவன் இடது பக்கம் திரும்பறப்ப காலை இழுத்துக்கிட்டான். கேமராவுல தெரியாது. நான் மூணாவது வரிசையில உக்காந்து பாத்தேன்.”

கெல்சோ பெயர்ப்பட்டையை விரல்களில் புரட்டினான். “அங்க போனா வெஸ்லி தினமும் ஆடுவான். அவங்க ஆளுக்கு மணிக்கட்டுல ஆபரேஷன். இங்க ரெண்டு வருஷமா பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டிருக்கான். அவனுக்கும் இது நல்லதுதானே?”

“அவனுக்கு நல்லதான்னா கேட்டீங்க? அணிக்கு நல்லதான்னுதானே கேட்டீங்க?”

கெல்சோவின் குரல் இறங்கியது. “ஆர்வோ, இந்த ஒண்ணுல நீங்க ஒதுங்கிக்கிட்டாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டோம்.”

அந்தக் கரிசனம்தான் அவருக்கு எரிச்சலை மூட்டியது.

ஒரு தலையசைப்புப் போதும். ஒதுங்கினால்கூடப் போதும். வெஸ்லிக்கு இருபத்தொன்பது. இந்த ஆட்டத்தில் அது மத்தியானம் தாண்டிய வயது. அடுத்த வருடம் அவனை யாரும் கேட்கப் போவதில்லை. உட்கார்ந்தே இருக்கிறவனின் கை எப்படிப் பந்தை மறக்கும் என்பதை அவர் நூறு பேரிடம் பார்த்திருக்கிறார்.

நவம்பரில் அந்த இரண்டு பேரைக் கொடுக்காமல் இருந்திருந்தால், இன்று இவனைத் தாராளமாக விட்டிருக்கலாம். அவர் அப்போதே சொன்னார். எழுதியும் கொடுத்தார். யாரோ செய்த முட்டாள்தனத்துக்கு இப்போது அவர் வாயால் இவனைக் கட்டிப்போட வேண்டியிருந்தது.

“கொடுக்காதீங்க” என்றார். “ஜூன்ல ரெயினால்டோ விழுவான். அன்னைக்கு அந்த எடத்துல நிக்க இவனை விட்டா நாதியில்ல. மத்தவங்களையெல்லாம்தான் வாரிக் கொடுத்துட்டீங்களே.”

கெல்சோ பட்டையை இரண்டாவது வரியில் பழையபடி ஒட்டினான்.

“சரி. முடியாதுன்னு சொல்லிடறேன்.”

மார்னி கணினியை மூடினாள்.

வெளியே ஏரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. வண்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பனியை ஆர்வோ சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

வெஸ்லி.

“என்னாச்சு? மூணு மணிக்குள்ள முடிஞ்சிடும்னான் ஏஜென்ட். ஜென்னி எங்க ரெண்டு பேருக்கும் அங்க வீடுகூடப் பாத்து வெச்சுட்டா.”

“நடக்கல.”

அந்தப் பக்கம் பயிற்சிக்கூடத்தில் யாரோ மட்டையால் பந்தை அடிக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

“கெல்சோதானே? எனக்குத் தெரியும். அவனுக்கு என்னைக் கண்டாலே...”

ஆர்வோவுக்கு அந்தப் பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ம் என்றால் போதும்.

“அவன் கொடுக்கத்தான் இருந்தான். நான்தான் வேண்டாம்னேன்.”

மட்டைச் சத்தம் நான்கு முறை கேட்டது. ஐந்து.

“ரெயினால்டோ முழங்காலா?”

“ஆமா. ஜூனைத் தாண்டாது.”

“தாண்டிடுச்சுன்னா?”

ஆர்வோ மறுபடி பனியைச் சுரண்டத் தொடங்கினார். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

“உங்க எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அப்பா” என்றான் வெஸ்லி.

எப்போதும் போனை வைப்பதற்கு முன் அம்மாவைப் பற்றிக் கேட்பான். இன்று கேட்கவில்லை.