ஓம முடிச்சு

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரி, கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, பாப்பாவுக்கு மூக்கு ஒரேயடியா அடைச்சிருக்கு. வெறும் சளிதான்னுட்டார் டாக்டர். ஆனா தூங்கவே மாட்டேங்கிறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"பதறாத. ஓமத்தை லேசா வறுத்து, ஆறினதும் துணியில முடிஞ்சு தலையணைகிட்ட வை. அவ அப்பாவோட கைக்குட்டையில கட்டு. வேற துணின்னா தூக்கி எறிஞ்சிடுவா."

"துளசித் தண்ணி கொடுக்கலாமா?"

"வெதுவெதுன்னு கொடு. கசக்குதான்னு மட்டும் கேட்டுடாத. அப்புறம் வாயைத் திறக்கமாட்டா, அழுத்தக்காரி."

ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அழைப்பு வந்தது.

"தூங்கிட்டா அக்கா. மூச்சு சீரா வருது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நான்தான் உனக்குச் சொல்லணும்மா." தையல்காரி கைபேசியை வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

பக்கத்து மெஷினில் இருந்தவள் சிரித்தாள். "நல்ல கூத்து. வைத்தியம் சொன்னதும் நீ, நன்றி சொல்றதும் நீயா? யாரு, உன் தங்கச்சியா?"

"இல்ல. என் வீட்டுக்காரரா இருந்தவர் இப்போ கட்டிக்கிட்டவ. என் பொண்ணு அவகிட்டதான் வளருது. என்னைக் கேட்கணும்னு அவளுக்குத் தோணுச்சே."