கட்டணமில்லாத கொழுக்கட்டை

தாயம்மாளின் கணவருடைய அறுவை சிகிச்சைக்குக் கைமாற்று கொடுத்த எதிர்வீட்டு பெனடிக்டா, அதன்பிறகு தாயம்மாள் வீட்டில் ஒரு வாய் காபிகூடக் குடிப்பதில்லை. கடன் கொடுத்தவருக்கு எதைத் தந்தாலும் அது கட்டணம். அதற்கான வரி, கடன் வாங்கியவர் பாக்கியில் ஏறிவிடும். வீட்டுக்கு வீடு அரசாங்கம் சுவரில் மாட்டியிருக்கும் வரிப்பெட்டி வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும்.

"ஒரே ஒரு கொழுக்கட்டைக்கா."

"வேண்டாம் தாயி. உன் பெட்டி இப்பவே மோப்பம் பிடிக்குது."

தனியாக இருக்கும் மனுஷிக்கு ஒரு பலகாரம் தர முடியவில்லையே என்று தாயம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியிடமே கேட்டாள்: "இந்த மாடியில இருக்கற எல்லா வீட்டுக்கும் குடுத்தா?"

"அன்னதானத்துக்கு வரி இல்லை," என்றது பெட்டி.

அன்று முதல் வெள்ளிதோறும், பெனடிக்டா ஒருத்தி சாப்பிடுவதற்காகப் பதினொரு வீடுகளுக்கும் கொழுக்கட்டை போனது. அவளுக்குச் செலவு தாங்காதே என்று மற்ற பத்து வீட்டாரும் மாவும் வெல்லமும் தேங்காயும் கொண்டுவந்து தந்தார்கள்.

கடன் அடைந்த வெள்ளிக்கிழமை, தாயம்மாள் பெனடிக்டாவுக்கு மட்டும் தைரியமாக ஒரு தட்டு கொண்டுபோனாள். பெட்டி வாய் திறக்கவில்லை. பத்துக் கதவுகள் திறந்தன.

"அப்ப எங்களுக்கு?" என்றார் மூன்றாம் வீட்டுத் தையற்காரர் வீரபாகு. "இந்தா தாயி, ஐந்நூறு ரூபா. மறுக்காம கடனா வாங்கிக்க!"