தூரோவாவின் ஹாக்கா

மிரியாமா கைபேசியில் வந்திருந்த படத்தை ஓடவிட்டாள். திரையில் இருபது வெள்ளைக்காரர்கள், தாடையில் பச்சை குத்தியது போலப் பேனாவால் கிறுக்கிக்கொண்டு, பீர் கோப்பைகளுக்கு நடுவே மாவோரிகளின் ஹாக்கா ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மராயே என்கிற குலத்துப் பொதுமனையின் சாப்பாட்டுக் கூடத்தில் கூமரா கிழங்கு சீவிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசி அடியில் இரண்டு கையும் வானத்துக்குப் போக வேண்டும், பறவை கிளம்புகிற மாதிரி. இவர்களுக்கோ ஒரு கை மேலே, ஒரு கை பாதியில். கையைத் தூக்கக்கூடத் துப்பில்லை, இவனுங்களுக்கு ஹாக்கா ஒரு கேடா என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

உலகத்துக்கே தெரிந்த ஹாக்காவாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இது போன வருடம் மகன் தூரோவா இறந்தபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே மிரியாமா எழுதியது. ஒரே ஒரு முறைதான் ஆடினார்கள். படம் பிடிக்க யாரையும் விடவில்லை. நாளை கல்லறைக் கல்லின் திரையை விலக்கும் சடங்கில் இரண்டாவது முறை ஆடுவதாக இருந்தது.

அதற்குள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு ரக்பி கிளப்பில் குடிகாரர்கள் ஆடி முடித்துவிட்டார்கள். அது மருமகன் நீலின் ஊர் கிளப்.

சொல்லிக்கொடுத்தது நீல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. போன வருடம் அவனை வரிசையில் நிறுத்தியதே மிரியாமாதான். வெள்ளைக்காரனுக்கு மாவோரி வரிசையில் என்ன வேலை என்று அண்ணன் ராவிரி முகம் சுளித்தபோதுகூட, என் மகளின் புருஷன் எனக்கும் மகன்தான் என்று வாயை அடைத்துவிட்டாள்.

ராவிரி மேசையைத் தட்டினான்.

"நாங்க நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுததை உன் சிநேகிதனுங்களுக்குக் கூத்தா ஆக்கிட்டியே, மாப்ளே. நாளைக்கு நீ இங்க இருக்கக் கூடாது."

அவன் கோபம் நியாயம்தான் என்றார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு மரக்கட்டை விழுந்து, தோள் உடைந்து, வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த ராவிரியை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், தன் அப்பா அம்மா வீட்டில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டவன் இந்த நீல். அப்படிப்பட்டவனே இப்படிச் செய்தால் ராவிரிக்கு வலிக்காதா?

நீல் மிரியாமாவை மட்டும் பார்த்தான்.

"நான் சொல்லிக் குடுக்கலை, அத்தை."

"பின்ன யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எத்தனை முறை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. மகள் ஹுயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிமணியைக் கட்ட உள்ளே போனாள்.

மிரியாமா படத்தை மறுபடி ஓடவிட்டாள். தன் பிள்ளைக்கு நடந்த துரோகத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் இவனை அனுப்புவது என்று ஒரு வீம்பு. கடைசி அடி வந்தது. நிறுத்தினாள். பின்னால் தள்ளி இன்னொரு முறை பார்த்தாள்.

தெரியாதவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தப்புச் செய்வார்கள். இந்த இருபது பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே தப்பைச் செய்தார்கள். வலது கை வானத்தில், இடது கை தோள் உயரத்தில். கற்றுக்கொடுத்தவர் எப்படிக் காட்டினாரோ, அப்படியே.

கைபேசியை மேசைமேல் வைத்தாள். நீலைத் தாண்டிப் போய் ராவிரியின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, உன் இடது கையைத் தலைக்கு மேல தூக்கு."