காலைப் பேப்பர்

அன்று காலை வாசலில் பேப்பர் விழவில்லை.

நிறுத்தச் சொன்னது தையல்காரரின் மனைவிதான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு வருஷமாகவே தையல் வருமானம் தேய்ந்துகொண்டு வந்தது. எல்லாரும் ரெடிமேடுக்குப் போய்விட்டார்கள் என்பார் அவர். தைத்துக் கொடுத்த சட்டைகளும் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. மெஷின் கிழடாகிவிட்டது என்பார்.

அவளும் மாதாமாதம் காசு ஒழுகும் ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தாள். கேபிளை நிறுத்தினாள். தண்ணீர் கேனை நிறுத்தினாள். மெஷினடிக்கு வரும் கடை டீயை நிறுத்தி, வீட்டிலேயே போட்டுக் கொடுத்தாள். எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

பேப்பர் என்றதும்தான் சுள்ளென்று விழுந்தார்.

"அதுல மட்டும் கை வைக்காதே, சொல்லிட்டேன்."

மனுஷருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது. ஆனாலும் வீட்டு வாடகை கழுத்தைப் பிடித்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டாள்.

பின்கட்டில் அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. அவள் அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள். விடிந்ததும் விடியாததுமாகச் சண்டை வேண்டாம், டீயைக் கொடுத்துவிட்டுப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

துணியை வெட்டுமுன் அளவு வரைந்து பார்க்க அவர் கிலோக் கணக்கில் வாங்கிப் போட்டிருந்த பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். எதென்றுகூடப் பார்க்காமல் மடித்து நாற்காலியில் வைத்தாள். பிரித்ததும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும், அதற்குள் டீ கொதித்துவிடும்.

அவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

அடுப்படியில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. பக்கம் திருப்புகிற சரசரப்பு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம்.

"என்னங்க போட்டிருக்கான்?" என்று அங்கிருந்தே கேட்டுப் பார்த்தாள்.

"என்னத்தைப் போடுவான்? விலைவாசி ஏறுதாம். ரெண்டு நாளைக்கு மழை இருக்காம்."

டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தவள், அவர் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தாள்.

அது அவர்கள் மொழிப் பேப்பரே இல்லை. அதில் ஓர் எழுத்துகூட அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

போன வருஷம் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்று கிளம்பியவளை அதட்டி உட்காரவைத்துவிட்டு, தனியாகத்தான் போனார். திரும்பி வந்து, கண்ணுக்கு ஒன்றுமில்லையாம் என்று சிரித்தார்.

டம்ளரை அவர் விரல்களில் பட வைத்துக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகே கையை எடுத்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நாளையிலேருந்து பேப்பர் போட்டுடுங்க. அவருக்கு அது இல்லாம முடியாது."