மஞ்சள் மூடி

"பாதித் தூரம் போயிருக்கு டொக்டர். 'சேர்ந்தது' எண்டும் போடலாம், 'ஒதுங்கினது' எண்டும் போடலாம். ஆர் வந்து கேட்கப் போயினம்?" என்றான் சுமன்.

டொக்டர் அகீலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் மூடி போட்ட கூட்டிலிருந்த எலிக்குட்டி, மற்றக் குட்டிகளை நோக்கிக் கொஞ்சம் நடந்து, நடுவில் நின்றிருந்தது. அதுதான் கடைசி வீடியோ.

"பொறுங்க, இன்னொருக்காப் பாப்பம்."

சுமனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. வெள்ளவத்தையில் எந்தக் கடையிலும் இனிச் சோறு மிஞ்சியிருக்காது. ஆனாலும் மனுசி விடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். இப்படியொரு நேர்மைக்காரியிடம் வேலை பழகக் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிகிறவன் அவன்.

கர்ப்பமான எலிகளில் பாதிக்கு விட்டமின் டி போதிய அளவு, மீதிக்குக் குறைவு. பிறக்கும் குட்டிகள் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் போல ஒதுங்கி நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எந்த நிற மூடிக்கு எந்தச் சாப்பாடு என்பது தீன் வைத்த பேர்ணடெற் அன்ரிக்கு மட்டுமே தெரியும். தெரிந்துவிட்டால் நம்முடைய ஆசை கண்ணை ஏமாற்றிவிடும் என்று அகீலாவே வைத்த சட்டம் அது.

"நீலம் ஒண்டோட ஒண்டு விளையாடுது. மஞ்சள்தான் ஒதுங்குது. மஞ்சள்தான் குறைஞ்ச சாப்பாடும் எண்டால் நாங்க வெண்டிட்டம். பேப்பரில எல்லாம் உங்கட படம் வரும்."

"எலியில கண்டத மனுசருக்கு அப்பிடியே செல்ல ஏலாது, சுமன்."

இதை நாளுக்கொரு தடவையாவது சொல்லிவிடுவார். என்ன அடக்கம் என்று சுமன் ஒவ்வொரு தடவையும் வியப்பான்.

திரையில் குட்டி மெல்லத் திரும்பி மூலைக்கே போய்விட்டது. அகீலா 'ஒதுங்கினது' என்று பதிந்துவிட்டு, பேர்ணடெற்றைக் கூப்பிட்டார்.

"அன்ரி, இப்ப செல்லுங்க. மஞ்சளுக்கு எந்தச் சாப்பாடு?"

பேர்ணடெற் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மஞ்சளுக்குத்தான், மகள், குறைச்சுக் குடுத்தனான்."

சுமன் சந்தோஷத்தில் மேசையில் ஓங்கித் தட்டினான். அகீலாவின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இத்தனை வருடம் மாடாய் உழைத்தவர் அழாமல் என்ன செய்வார்?

"நல்லா அழுங்கோ டொக்டர். பிறகு வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து முதல்ல மகனிட்டச் சொல்லுங்கோ."

"அவனுக்கு ஏழு வயசு. இன்னம் ஒருக்காவாவது என்ன 'உம்மா' எண்டு கூப்பிட்டதில்ல," என்றார் அகீலா. "அவன் வயித்துல ஈக்கக்குள்ள கிளினிக்ல தந்த விட்டமின் குளிசையெல்லாம் சத்தி எடுத்து வெளியிலயே போச்சு. மஞ்சளுக்கு நல்ல சாப்பாடு குடுத்திருக்கோணும் எண்டுதான் சுமன் நான் ஒவ்வொரு நாளும் துஆ கேட்டன்."