இன்னா

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வேலை மாறி வந்த மூன்றாம் நாள், நர்ஸ் விஜிலா அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கிழவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் அவர் போய்விடுவார். பக்கத்துக் கட்டிலில் கத்திக்குத்து வாங்கிய ஒருவன் கிடந்தான். "சிஸ்டர், என் தம்பியப் பாரு! ரத்தம் நிக்கவே இல்ல!" என்று அவனுடைய அண்ணன் கத்தினான். "இன்னா," என்றாள் திரும்பாமலே. அவளுடைய ஊரில் அதற்கு 'இதோ வந்துவிட்டேன்' என்று அர்த்தம். இந்த ஊரில் 'என்ன?' என்று அர்த்தம். "உயிரு போவுது, இன்னான்னா கேக்குற?" அவன் அவள் கழுத்தைப் பிடித்து மருந்து அலமாரியில் மோதினான். கண்ணாடி நொறுங்கியது. மறுபடியும் மோதினான். செக்யூரிட்டிகள் இழுத்துப் பிரிக்கையில், உடைந்த கண்ணாடி அவன் முன்கையைக் கிழித்து, ரத்தம் சுவரில் பீச்சியடித்தது. அதற்குள் இரண்டு கட்டில்களிலும் அசைவு நின்றிருந்தது. அவன் தரையில் சரிந்தான். உதடு வெளிறிக்கொண்டே வந்தது. "சிஸ்டர்... வா சிஸ்டர்..." என்றான். விஜிலா கட்டுத்துணிச் சுருளைக் கையில் எடுத்தாள். நசுங்கிய தொண்டையைச் செருமினாள். இந்த முறை அவன் முகத்தை நேராகப் பார்த்து, நின்ற இடத்தைவிட்டு அசையாமல், "இன்னா" என்றாள்.