இரண்டாவது பெட்டி

"இதைப் போய் பிரீஆம்ப்னு சொல்லாதே, குணா. தகர டின்னுக்குள்ள ரெண்டு வால்வை நட்டு வச்சிருக்கான்."

ஸ்டீரியோ நண்பர் சிவகணேசன் அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து குணாளன் பாட்டே கேட்கவில்லை.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்ததும் அரை மணி நேரம் ஸ்டீரியோ முன்னால் உட்காருவது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்காக மூன்று மாதம் இணையத்தில் தேடித் தேடி, தன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் கொண்ட அந்தப் பிரீஆம்ப் பெட்டியை வாங்கினார். ஆம்பிளிஃபயருக்கு முன்னால் மாட்டினால் பாட்டுக்கு ஓர் இதம் வரும் என்றார்கள். வந்தது. சிவகணேசன் வந்து கேட்கும்வரை.

இப்போது அந்தப் பெட்டியைப் பார்த்தாலே குறைதான் தெரிந்தது. நிஜமாகவே மட்டமா, அண்ணன் சொன்னதால் மட்டமாகக் கேட்கிறதா? அதுவும் புரியவில்லை.

"நாளைக்குத்தான் கடைசி நாள். திருப்பி அனுப்பிடுறேன்," என்றார் மனைவி யோகேஸ்வரியிடம்.

"அனுப்பிட்டு?"

"அண்ணன்கிட்ட இருக்கிற மாதிரி வாங்க என்னால முடியாது. செட்டையே வித்துடலாம். எனக்கெல்லாம் எதுக்கு?"

யோகேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு போனை எடுத்துச் சிவகணேசனை அழைத்தாள்.

"அண்ணே, உங்க பெட்டியையும் தூக்கிட்டு வாங்க. ரெண்டையும் மறைச்சு வச்சுக் கேப்போம். எது யாரோடதுன்னு நீங்க சொல்லணும்."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், தங்கச்சி!"

பெர்மாஸ் ஜெயாவில் ரெண்டு தெரு தள்ளித்தான் சிவகணேசன் வீடு. அரசாங்க இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டீரியோ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் காதுக்குத் தனி மரியாதை. பச்சைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றித் தன் பிரீஆம்பைக் கொண்டுவந்தார்.

இரண்டையும் அலமாரியில் வைத்து, சத்தத்தை ஒரே அளவாக்கினார். முன்னால் யோகேஸ்வரியின் பாத்தேக் சாரோங் திரையாகத் தொங்கியது.

"கேபிளை மாத்துறதுக்கு முன்னால ஆம்பை அணைச்சிடணும், தங்கச்சி. இல்லன்னா ஸ்பீக்கர் போயிடும் லா," என்று பாடம் நடத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

வீணை இசைத்தட்டு சுழன்றது. முதலில் ஒரு பெட்டி. யோகேஸ்வரி திரைக்குப் பின்னால் கேபிளை மாற்றினாள். இரண்டாவது பெட்டி.

குணாளனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சொல்ல வெட்கம்.

சிவகணேசன் அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டாவதுதான் என்னோடது. தந்தி அதிர்ந்து அடங்குற வரைக்கும் கேக்குது பாரு. முதல்ல வந்தது டின்னு."

திரைக்குப் பின்னாலிருந்து யோகேஸ்வரி தலையை நீட்டினாள்.

"இல்லையே அண்ணே. ரெண்டாவது இவரோடது."



"அலமாக்!" குணாளன் துள்ளி எழுந்தார். "டின்னு, டின்னுன்னீங்களே அண்ணே!"

"இருக்காதே..." சிவகணேசன் எழுந்து திரைப் பக்கம் நடந்தார்.

"நல்லாப் பாருங்க. நான் போய் தே தாரேக் போடுறேன். தோத்தவருக்குச் சீனி தூக்கலா!"

குணாளன் அடுப்படிக்குள் நுழைந்து பால் டின்னைத் தேடிக்கொண்டிருந்தபோதே சிவகணேசனின் குரல் வந்தது.

"குணா! தேத்தண்ணி கெடக்கட்டும். வா, உன் பெட்டியை இன்னொரு தடவ கேக்கணும்."

இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் கேட்டார்கள். சிவகணேசன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தார். குணாளனுக்கும் ஒரு வாரத்துக்குப் பிறகு வீணை இனித்தது.

"தப்பா சொல்லிட்டேன் குணா. இதைத் திருப்பி அனுப்பிடாதே," என்று தன் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

"காதுல அழுக்கெடுங்க அண்ணே!" என்று வாசல்வரை போய் வழியனுப்பினார் குணாளன்.

அடுத்த இசைத்தட்டைப் போடுவதற்குள் போன் சிணுங்கியது.

"யோகேஸ், இங்க பாரு! அவரே குழுவுல போட்டுட்டாரு. 'இன்று குணாளனின் பெட்டியிடம் தோற்றேன். இனி என் காதை நம்பி யாரும் எதுவும் வாங்காதீர்கள்.' எல்லாரும் சிரிக்கிறாங்க!"

குணாளனும் சிரித்துக்கொண்டே தட்டத் தொடங்கினார்: 'இத்தனை நாளும் வெறும் ஜம்பம்...'

"அதை அனுப்பாதீங்க," என்றாள் யோகேஸ்வரி. "அவரு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

குணாளனின் விரல் நின்றது.

"ஏன்?"

"ஒரு வாரமா நீங்க இருந்த இருப்பை என்னால பாக்க முடியல."

"அடிப்பாவி! மனுஷன் தன் காதே போச்சுன்னு நெனச்சு வீட்டுல உக்காந்திருப்பாரே. நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இப்பவே போய் உண்மையைச் சொல்லணும்." குணாளன் சட்டையைத் தேடினார்.

"அவருக்குத் தெரியுங்க. நீங்க அடுப்படிக்குப் போனப்ப திரையை விலக்கிப் பாத்தாரு. கேபிள் அவரோட பெட்டியிலதான் இருந்திச்சு. என்னைப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. அவரு கையாலேயே கழட்டி, உங்க பெட்டியில மாட்டிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டாரு."